வாப்பா தாண்டாத வாசற்படி

என் உயிரான அக்கா, என் லாத்தா,

இறந்தவர்களுக்குக் காது கேட்கும் என்று நான் நம்புகிறவள் இல்லை. அது உனக்கும் தெரியும். ஆனாலும் இந்தச் சேதியை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? நம் ஒரே அண்ணன், காக்கா, தன் இளைய மகள் நஸ்ரினுக்குக் கல்யாணம் பேசி முடித்துவிட்டார். மாப்பிள்ளைக்கு ஊர் புதுமடம். பெண்ணுக்குத் தகப்பன் கொடுக்கப்போவது ஒரு வீடு.

ஆமாம், உன்னிடமிருந்து எடுத்த வீடுதான்.

நம் ஊரில் வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளைதான் வந்து குடியேற வேண்டும். எழுபத்து நாலில், உன் நிக்காஹ்வுக்கு முதல் நாள், நம் வாப்பா தான் கட்டிய வீட்டை உனக்குக் கொடுத்தபோது யாருக்கும் அது பெரிய விஷயமாகப் படவில்லை. பத்திரம் கிடையாது, வாய்ச்சொல்தான். ஆனால் வாயால் கொடுப்பதற்கும் ஒரு முறை உண்டு. கொடுக்கிறவர் தன் துணிமணியோடு தெருவில் இறங்க வேண்டும். சாவியை மகள் கையில் தர வேண்டும். அவள் "வாங்க" என்று கூப்பிட்ட பிறகே உள்ளே வர வேண்டும், அதுவும் விருந்தாளியாக.

அன்று வாப்பாவுக்குக் காய்ச்சல். வெளியே ஐப்பசி மழை. போர்வையைச் சுற்றிக்கொண்டு, துணிப்பையோடு எழுந்தவரை நீதான் மறித்தாய்.

"எங்க போறிய வாப்பா? மழையில நனைஞ்சாத்தான் வீடு எனக்கா? பேசாமப் படுங்க."

சாவியைக் கட்டிலிலேயே வாங்கிக்கொண்டாய். காக்கா அப்போது சிரித்தார். "பாரு, வீடு கைக்கு வந்ததும் வாப்பாவையே அதட்டுறா!" எனக்குப் பதினாலு வயது. நானும் சிரித்தேன்.

பிறகு நான் படிக்கப் போனேன். பாரசீகத்துப் பெண்கள் பழைய காலத்தில் சொத்தை எப்படி அடைந்தார்கள், எப்படி இழந்தார்கள் என்பதுதான் என் ஆராய்ச்சி. விடுமுறையில் வரும்போதெல்லாம் நீ என்னைச் சீண்டுவாய்.

"எந்தக் காலத்துலயோ மவுத்தாகி மண்ணுக்குள்ள போன பொம்பளைகளுக்கு நீ ஏண்டி இப்பப் பஞ்சாயத்துப் பண்ணுற? சரி, அதுகளுக்கு வீடு கெடைச்சுச்சா, அதச் சொல்லு."

பிள்ளையில்லாத விதவைக்கு அங்கே மண்ணில் பங்கில்லை என்றேன். சுவர், கதவு, மரம் இவற்றின் மதிப்பில்தான் பங்கு.

"அப்ப என்னடி, கதவைக் கழட்டித் தலையில வச்சுக்கிட்டுப் போவாளா?"

நீ சிரித்த சிரிப்பில் மச்சான் அடுப்படிக்கு எட்டிப் பார்த்தார். பிரியமுள்ள புருஷன்மார் அதனால்தான் தோட்டத்தையும் வீட்டையும் மணக்கொடையாக, மஹராகவே எழுதிவைத்தார்கள் என்று சொன்னேன். தகப்பன்மார் உயிரோடு இருக்கும்போதே மகளுக்குக் கொடுத்துவிடுவதும் உண்டு. கொடுத்தவர் வீட்டைக் காலி செய்துவிட்டார், பெற்றவள் கைக்கொண்டுவிட்டாள் என்று பத்திரம் எழுதுகிறவர்கள் மறக்காமல் எழுதுவார்கள் என்றும் சொன்னேன். அவ்வளவு பயம் யாரைக் கண்டு என்று கேட்டாய். "கூடப் பிறந்தவன்களைக் கண்டுதான்" என்றேன். அதற்கும் சிரித்தோம்.

மச்சான் இறந்து நீ இத்தாவில், விதவை வெளியே வராமல் இருக்கும் அந்த நாலு மாதத்தில், திரைக்குப் பின்னால் இருந்தபோதுதான் காக்கா வந்தார். துபாயை முடித்துக்கொண்டு திரும்பியிருந்தார். மனைவி வீடு மூத்த மகளுக்குப் போய்விட்டது. நஸ்ரினுக்கு வீடில்லை. வீடில்லாத பெண்ணை நம் ஊரில் யார் கேட்டு வருவார்கள்? அவருடைய நெருக்கடி எனக்குப் புரிகிறது. புரிந்தது என்பதால் அவரை மன்னிக்க வேண்டுமா, சொல்?

அவர் உரக்கப் பேசவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஜமாஅத்துக்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்க, திரையைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "வாப்பா அன்னைக்கு வாசப்படி தாண்டல. அப்ப அந்தக் கொடை செல்லாது. வீடு கடைசி வரைக்கும் வாப்பா சொத்தாத்தான் இருந்துருக்கு. மூணு பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. மார்க்கம் சொல்றதத்தான் நானும் சொல்றேன்."

வாப்பா வீட்டைக் கொடுத்த அன்றைக்கு அங்கே இருந்தவர்களில் உயிரோடு மிச்சம் நாம் மூன்று பேர்தான். ஜமாஅத் தலைவர் என் பக்கம் திரும்பினார். "நீ படிச்ச புள்ள. நீயே சொல்லும்மா. அவக வெளிய எறங்குனாகளா, இல்லையா?"

நான் பொய் சொல்லத் தயாராக இருந்தேன், லாத்தா. எனக்கு அதில் கூச்சமே இல்லை. "எறங்குனாக" என்ற சொல் நாக்கில் வந்து நின்றது. அதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து உன் குரல் வந்தது.

"எறங்கல. காய்ச்சலா இருந்தாக. நாந்தான் வேணாம்னேன்."

தலைவர் பெருமூச்சு விட்டார். காக்கா உன்னைப் புகழ்ந்தார். "என் தங்கச்சி பொய் சொல்ல மாட்டான்னு எனக்குத் தெரியும்." தெரிந்துதானே வந்திருக்கிறார்.

கோர்ட்டுக்குப் போவோம் என்றேன். சொன்ன சொல்லை எந்தக் கோர்ட்டில் விழுங்குவது என்று கேட்டாய். என் பங்கை உனக்குத் தருகிறேன் என்றேன். அதற்கும் மறுத்தாய். "எனக்குப் பிள்ளை குட்டி இல்ல. நான் மவுத்தானா அதுலயும் பெரும்பங்கு காக்காவுக்குத்தான் போவும். உன்கிட்டயே இருக்கட்டும்டி." என் ஆராய்ச்சிப் பட்டமெல்லாம் அந்த ஒரு பேச்சுக்கு முன்னால் ஒன்றுமில்லை.

கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில் சுவர் எழும்பியது. உனக்குப் பின்கட்டு, போக வர பக்கத்துச் சந்து. முன்கட்டைப் பூட்டிச் சாவியை அவர் எடுத்துக்கொண்டார். நம் உம்மாவின் வாப்பா கொழும்பிலிருந்து கொண்டுவந்த தேக்குக் கதவைத் தடவிக்கொண்டே, "வேணும்னா இந்தக் கதவ நீ கழட்டிக்க" என்று உன்னிடம் சொன்னார். அந்தப் பாரசீக விதவையின் கதை அவருக்குத் தெரியாது. நீ என்னைப் பார்த்தாய். அந்தத் தடவை நாம் சிரிக்கவில்லை.

நீ இறந்த அன்று நடந்தது உனக்குத் தெரிந்திருக்காது. உன்னைச் சுமந்த சந்தூக்கு அந்தச் சந்து முனையில் திரும்பவில்லை. சாய்த்துப் பார்த்தார்கள், தூக்கிப் பார்த்தார்கள். கடைசியில் நடுச்சுவரில் இருந்த சிறிய கதவையும் முன்வாசலையும் திறக்கச் சொல்லிக் காக்காவிடம் ஆள் போனது. அவர் வந்து திறந்தார். திறக்கும்போது, "இன்னைக்கு மட்டுந்தான்" என்றார். பழக்கத்தில் வந்த வார்த்தையாக இருக்கலாம். நீ மறுநாளும் கேட்பாய் என்றா நினைத்தார்? உன்னுடைய பின்கட்டில் பெரும்பங்கும் சட்டப்படி அவருக்கே போனது. மிச்சம் எனக்கு.

இப்போது மாப்பிள்ளை வீட்டார் வில்லங்கம் இல்லாத வீடு கேட்கிறார்களாம். போன வாரம் காக்கா மதுரையில் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். முட்டிவலியோடு படியேறி வந்திருந்தார்.

"ஒரு கையெழுத்துதான் தங்கச்சி. நம்ம புள்ளதானே நஸ்ரின். நீ ஒண்டிக்கட்ட, உனக்கு எதுக்கு அந்தப் பங்கு?"

தேநீர் கொடுத்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். மறுத்தால் போதும், கல்யாணம் நின்றுவிடும். இரண்டு நாள் அந்த நினைப்பை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தேன். ருசியாகத்தான் இருந்தது. பிறகு நஸ்ரின் போன் செய்தாள். அழவில்லை, கெஞ்சவில்லை.

"மாமி, பெரிய மாமிக்கு வாப்பா செஞ்சது எனக்குத் தெரியும். நீங்க கையெழுத்துப் போடாட்டியும் நான் கோவப்பட மாட்டேன்."

அவளுக்கும் வீடு வேண்டும்தானே, லாத்தா? இன்னொரு பெண்ணிடமிருந்து வீட்டைப் பிடுங்கி உனக்கு நான் எதைத் திருப்பித் தந்துவிட முடியும்?

"போடுறேன். உங்க வாப்பாவுக்கு இல்ல, நேரா உன் பேருக்கு" என்றேன். "ஆனா அவக தன் பங்கக் குடுக்குறது முறைப்படி நடக்கணும். துணிப்பையோட தெருவுல எறங்கணும், சாவியத் தரணும். நான் சொல்ற வரைக்கும் நீ 'வாங்க'ன்னு கூப்பிடக் கூடாது."

"எவ்வளவு நேரம் மாமி?"

"நான் சொல்ற வரைக்கும்."

 "சரி மாமி" என்றாள்.

வருகிற ஐப்பசியில் கல்யாணம். மழை பெய்யலாம், அவருக்குக் காய்ச்சலும் இருக்கலாம். அந்தத் தேக்குக் கதவுக்கு உள்ளே, நஸ்ரின் பக்கத்தில் நான் நிற்பேன். அவர் நனைவதைப் பார்ப்பேன். அன்று உனக்கு வந்த இரக்கம் எனக்கு வராது. இது நான் உனக்குத் தருகிற வாக்கு.

உன் பங்குக்கும் உன் கோபத்துக்கும் வாரிசான தங்கச்சி,
சுபைதா