மூன்று குளிர்காலத்து விறகு

குருமிசாவா
1962 நவம்பர் 25

அன்புள்ள என்னவருக்கு,

ஷினோ எழுதிக்கொள்வது. நான் நலம். டோக்கியோ போயும் உங்கள் இருமல் நிற்கவில்லை என்று உங்களோடு சாலை வேலைக்குப் போனவர் தன் வீட்டுக்கு எழுதியிருக்கிறாராம். எனக்கு நீங்கள் எழுதவில்லை. உங்கள் இருமலைக்கூட அடுத்த வீட்டுக் கடிதத்தில்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

நேற்று முதற்பனி விழுந்தது. வீட்டின் மூன்று பக்கமும் நீங்கள் இறவாரம் முட்ட அடுக்கிவிட்டுப் போன விறகுதான் எனக்கு மதில். பக்கத்து வீட்டுக் கின் அக்கா சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஏன்டி, உன் புருஷன் விறகு அடுக்கினாரா, கோட்டை கட்டினாரா? உன்னை எவனாவது தூக்கிட்டுப் போயிருவான்னு பயமா?" என்று சிரித்தாள். "எங்க வீட்டுக்காரர் எதையும் அரைகுறையா செய்யமாட்டார்க்கா" என்றேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எந்தக் குளிருக்கு எரிக்க வேண்டிய விறகு என்று எல்லாரும் பலகையில் கரியால் கிறுக்கிச் செருகுவார்கள். நீங்கள் மட்டும் மை தொட்டு, இந்தக் குளிருக்குப் "புலி வருஷம்" என்று முத்து முத்தாக எழுதியிருக்கிறீர்கள். கணப்பு மூட்டப் போகும்போதெல்லாம் ஒரு தரம் படித்துவிட்டுத்தான் விறகை உருவுகிறேன்.

ஊர்ப் பொதுமலையில் மரப் பங்கு பிரிக்கிற கொட்டகையில் நம் வீட்டுக்கு இன்னும் செத்துப்போன அப்பாவின் பெயர்ப்பலகைதான் தொங்குகிறது. "மாப்பிள்ளை பேருக்கு மாத்திரலாமாம்மா?" என்று கம்பே பெரியவர் மறுபடியும் கேட்டார். வசந்தத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். இப்போது நீங்களும்தான் ஊரில் இல்லையே.

கணப்புக்கு மேலே கட்டிப் புகையில் வாட்டிய முள்ளங்கியை ஊறுகாய் போட்டு அனுப்பியிருக்கிறேன். உங்கள் கோடாலிக்கு எண்ணெய் தடவிச் சுவரில் மாட்டியிருக்கிறேன்.

உங்கள்
ஷினோ


டோக்கியோ
1962 டிசம்பர் 18

அன்புள்ள ஷினோவுக்கு,

ஊறுகாய் கிடைத்தது. பொட்டலத்தைப் பிரித்ததுமே, "யாருய்யா இங்க வீட்டைக் கொளுத்தினது?" என்று கூட இருப்பவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் அவர்களே பாதியைத் தின்றுவிட்டார்கள்.

இங்கே ஒரு கொட்டகையில் இருபது பேர் படுக்கிறோம். மண்ணெண்ணெய் அடுப்புதான். அதற்கு வெட்டவும் வேண்டாம், பிளக்கவும் வேண்டாம். நாற்றம்தான் தலைவலி.

மார்ச்சில் பனி இறுகும்போது வந்துவிடுவேன். கோடாலியைத் தொடாதே. அந்தக் காம்பு என் உயரத்துக்குப் போட்டது, வீசினால் உன் காலில்தான் விழும். இருமல் பரவாயில்லை.

தோகுஜி


குருமிசாவா
1963 மார்ச் 21

அன்புள்ள என்னவருக்கு,

பனி இறுகி மூன்று நாள் ஆயிற்று. காலையில் அதன்மேல் மாடே நடக்கலாம். வெயில் ஏறுவதற்குள் சறுக்குவண்டி இறங்கிவிட வேண்டும் என்று ஊரே மலையில் கிடக்கிறது. மரம் விழுகிற சத்தம் இங்கே வரை கேட்கிறது. நீங்கள் வரவில்லை.

நேற்று மரப் பங்குக்குச் சீட்டுப் போட்டார்கள். நான் போகாமல் வீட்டிலேயே இருந்துவிட்டேன். பெண் போனால் அரை ஆள் கணக்கு, பங்கும் பாதி என்பது உங்களுக்குத் தெரியும். அப்பா பெயரை மூன்று முறை கூப்பிட்டார்களாம், பதில் இல்லை என்றதும் அடுத்த வீட்டுப் பெயருக்குப் போய்விட்டார்களாம். அப்பா செத்தபோது வராத அழுகை இதைக் கேட்டு வந்தது. "இது முதல் வருஷம். மூணு வருஷம் ஆள் வரலேன்னா பலகை இறங்கிரும். அப்புறம் அந்த மலையில ஒரு சுள்ளி பொறுக்க முடியாது, பாத்துக்கோ" என்று கின் அக்கா சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு நல்ல செய்தி. முன் வரிசை தீர்ந்தது. பின்னால் இன்னொரு வரிசை, அதில் "முயல் வருஷம்" என்று பலகை! அடுத்த குளிருக்கும் சேர்த்தே வெட்டி வைத்திருக்கிறீர்களே, சொல்லவே இல்லையே. போன கோடை முழுக்க ராப்பகலாகப் பிளந்துகொண்டிருந்தது இதற்குத்தானா? என் சமர்த்து.

நாற்று நடவுக்காவது வாருங்கள்.

உங்கள்
ஷினோ


டோக்கியோ
1963 மே 9

ஷினோவுக்கு,

மேஸ்திரி விடவில்லை. அடுத்த வருஷம் வெளிநாட்டு விளையாட்டுக்காரர்கள் எல்லாம் வருகிறார்களாம், அதற்குள் சாலையை முடிக்க வேண்டுமாம். நடவுக்கு ஆள் வைத்துக்கொள்.

விறகுதான் இருக்கிறதே, நீ எதற்கு மலையை நினைத்துக் கவலைப்படுகிறாய்? கம்பளிக் கையுறை ஒன்று அனுப்பியிருக்கிறேன்.

தோகுஜி


குருமிசாவா
1963 நவம்பர் 2

என்னவருக்கு,

கையுறை பெரிதாக இருக்கிறது. என் கை அளவு மறந்துவிட்டதா?

நடவு முடிந்தது, அறுவடையும் முடிந்தது. மூன்று கடிதம் எழுதினேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. இதற்காவது போடுங்கள்.

வடக்குப் பக்க விறகில் குளவி கூடு கட்டியிருந்தது. குளிர் வந்து குளவி ஓய்ந்ததும், கூட்டை எடுக்கலாம் என்று அடுக்கை ஓரத்தில் பிரித்தேன். முயல் வருஷத்துக்கும் பின்னால், சுவரை ஒட்டி, மூன்றாவது வரிசை. கையை விட்டுத் துழாவியதில் ஒரு பலகை வந்தது. "டிராகன் வருஷம்" என்று உங்கள் எழுத்து.

வெயிலில் உட்கார்ந்து அந்தப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தேன். முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் விரல் விட்டு எண்ணினேன். புலி, முயல், டிராகன். மூன்று குளிர். இதை எழுதியது நீங்கள் புறப்படுவதற்கு முன்பு, போன வருஷக் கோடையில். பனி இறுகும்போது வந்துவிடுவேன் என்று வாசலில் நின்று சொன்னீர்களே, அன்றைக்கு இந்தப் பலகை இங்கேதானே இருந்தது?

வசந்தத்தில் திரும்பப் போகிறவர் எதற்கு மூன்று குளிருக்கு விறகு அடுக்குவார்? நான் முட்டாள், ஊரெல்லாம் அதைக் காட்டிப் பெருமை அடித்துக்கொண்டேன். எதுவானாலும் எழுதுங்கள். எழுதாமல் இருப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஷினோ


டோக்கியோ
1964 பிப்ரவரி 12

ஷினோ,

மூன்று மாதமாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழிக்கிறேன்.

நான் வரப்போவதில்லை. வேறு பெண் யாரும் இல்லை, அப்படி நினைக்காதே. இருந்திருந்தால் சொல்வது சுலபமாக இருந்திருக்கும்.

பன்னிரண்டு வருஷம் அந்த வீட்டுக்கு வீட்டோட மாப்பிள்ளையாக இருந்தேன். சீட்டுப் போடும்போது உன் அப்பா பெயரைக் கூப்பிடுவார்கள், நான் "இருக்கேன்" என்று கை தூக்குவேன். அவர் இருந்தவரை அது எனக்கு உறுத்தவில்லை. அவர் போய் ஐந்து வருஷம் கழித்தும் அவர் பெயருக்குத்தான் கை தூக்கினேன். "என்ன மாப்பிள்ளை, மாமனார் இன்னும் மலையேறுறாரு போல?" என்று ஒருத்தன் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பலகையை மாற்றுவதை நீ வருஷா வருஷம் வசந்தத்தில் பார்க்கலாம் என்பாய். உன்னிடம் நானாகக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

போகிறேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை, அதனால் விறகு வெட்டினேன். மூன்று வருஷத்தில் பலகை தானாக இறங்கிவிடும், அதற்குள் நீ மனம் தேறி வீட்டை விற்றுவிட்டு உன் தங்கையிடம் டவுனுக்குப் போய்விடுவாய் என்று கணக்குப் போட்டேன். அதுவரை உனக்குக் குளிரக் கூடாது.

போன வாரம் நீ அனுப்பிய ஊறுகாயை யாருக்கும் காட்டவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து நானே தின்றேன்.

தோகுஜி


குருமிசாவா
1964 ஏப்ரல் 5

தோகுஜி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்து நாற்பது நாளுக்கு மேல் ஆகிறது. முதல் பத்து நாள் சமைக்கவே இல்லை. கின் அக்கா கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டுத் திட்டிவிட்டுப் போவாள்.

பலகை விஷயத்தில் தப்பு என்னுடையது. அப்பா பெயரை இறக்கினால் அவர் இன்னொரு தரம் செத்த மாதிரி இருக்கும் என்று தள்ளிப்போட்டேன். நீங்கள் கை தூக்குவதை ஒரு நாளும் நான் பார்த்ததில்லை. பெண்கள்தான் அங்கே போவதில்லையே. நீங்கள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே மாற்றியிருப்பேன். அதை நினைத்துத்தான் அழுதேன்.

பனி இறுகியதும் சீட்டுக்கு நானே போனேன். அப்பா பெயரைக் கூப்பிட்டார்கள். "அவர் செத்து ஏழு வருஷமாச்சு. ஷினோன்னு கூப்பிடுங்க" என்றேன். "பொம்பளை பேர்ல பலகை இருந்ததில்லம்மா" என்று கம்பே பெரியவர் இழுத்தார். கின் அக்கா எப்போது பின்னாலேயே வந்தாளோ தெரியவில்லை. "செத்தவர் பேர்ல ஏழு வருஷம் தொங்கினப்ப இந்த ஊர்ல ஒருத்தருக்கும் வாய் வரல. உசுரோட நிக்கிறவ பேரு கசக்குதோ?" என்று போட்டாள். பெரியவரே மை தொட்டு எழுதினார். பங்கு மட்டும் பாதிதான், அரை ஆள் கணக்கு. மேற்குச் சரிவில் எட்டுக் கருவாலி மரம்.

உங்கள் கணக்கில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். விறகு இருந்தால் குளிராது என்று நினைத்துவிட்டீர்கள். இந்த இரண்டு வருஷமும் கணப்பு அணையவே இல்லை, எனக்குக் குளிர் விட்டதும் இல்லை. எரித்த ஒவ்வொரு கட்டையிலும் நீங்கள் சொல்லாமல் போனதைத்தான் எரித்தேன் என்று இப்போது தெரிகிறது. டிராகன் வருஷ வரிசையைக் கின் அக்காவுக்குக் கொடுத்துவிட்டேன். பலகையை மட்டும் நானே அடுப்பில் வைத்தேன். நன்றாகக் காய்ந்திருந்தது.

வருகிற குளிருக்கு நான் வெட்டியதைத்தான் எரிப்பேன். கோடை முழுக்கக் காயப் போட்டாலும் கொஞ்சம் புகையும், புகையட்டும். என் பலகையில் நானே "டிராகன் வருஷம்" என்று எழுதியிருக்கிறேன், கரியால்தான். அடுக்கு ஒற்றை வரிசை. ஜன்னலிலிருந்து பார்த்தால் மலை தெரிகிறது.

இருமலைக் கவனித்துக்கொள்ளுங்கள். ஊறுகாய் இது கடைசி.

மரம் வெட்டப் போன முதல் நாள், நீங்கள் சொன்னது போலவே கோடாலி காலில் விழப் பார்த்தது. மறுநாள் காலையில் காம்பை நாலு விரல் அளவு அறுத்துவிட்டேன். இப்போது என் உயரத்துக்குச் சரியாக இருக்கிறது. இனி அது உங்கள் கைக்கு ஒத்துவராது.

ஷினோ