காக்காய் முதலில் எடுத்தது

சித்திரை அமாவாசை, வெள்ளி இரவு

அப்பாவுக்குப் படைத்த சோற்றைக் காலையிலேயே ஊரிகம் சுரங்கக் குடியிருப்பில் எங்கள் லைன் வீட்டுக் கூரையில் வைத்தோம். ஒரு காக்காய்கூட வரவில்லை. காக்காய் தொடாமல் அம்மா பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டாள். சர்க்கரை வேறு. மதியம் தாண்டியதும் அவளுக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது.

"பேத்தமங்களா ஏரியில நெறைய இருக்கும்க்கா, வண்டியில ஏறு" என்றான் தம்பி.

ஏரி வற்றிக் கிடந்தது. நடுவில் இருந்த மணல்திட்டுக்கு நடந்தே போய்விட்டோம். வெள்ளை ஆலாப் பறவைகள் கத்திக்கொண்டு எழும்பின, தலையைக் கொத்த வந்தன. ஏனென்று எனக்கு உறைக்கவில்லை. கையோடு கொண்டுபோயிருந்த சோறும் வடையும் வைத்த இலையை அவசரமாக வைத்து, "கா, கா" என்று கூப்பிட்டேன்.

காக்காய்கள் வந்தன. இலையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெறும் மணலில் கிடந்த ஆலா முட்டைகளைக் கொத்தின.

"இன்னாக்கா பாத்துனு நிக்கிற, தொரத்து!" என்று தம்பி கல்லெடுத்தான். நான்தான் அவன் கையைப் பிடித்தேன். அப்பாவென்று கூப்பிட்டுவிட்டு எப்படி அடிப்பது?

கடற்காகங்களும் இப்படித்தான் மற்றப் பறவைகளின் முட்டையைத் தின்னும் என்று டிவியில் காட்டினார்கள். அங்கே யாரும் இலை போட்டு அழைப்பதில்லை.

அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். "காக்கா சாப்டுச்சா? மொதல்ல இன்னா எடுத்துச்சி, வடையா?" அப்பாவுக்கு வடை என்றால் உயிர்.

"ஆமாம்மா, வடைதான்."

சிரித்துக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தாள். தம்பி என் முகத்தைப் பார்க்கவில்லை.

இருட்டிவிட்டது. அந்த ஆலாக்கள் திட்டுக்குத் திரும்பியிருக்கும். எதன்மேல் உட்கார்ந்திருக்கும்?