எட்டு மில்லிமீட்டர்

"இவ மூஞ்சில என் சாயலே இல்லையே" என்று சொல்லிவிட்டு வீட்டைவிட்டுப் போனவருக்கு,

நம் மகளுக்குப் பல் வைத்தியத்துக்காக ஆறு, ஒன்பது, பன்னிரண்டு வயதில் என் பல் கிளினிக்கில் நானே மண்டை ஸ்கேன் எடுத்தேன். நேற்று மூன்றையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினேன். மண்டையின் அடிப்பகுதி சீக்கிரமே வளர்ந்து நின்றுவிடும். அதை வைத்துப் பொருத்தினால்தான் முகம் எங்கே வளர்ந்தது என்று தெரியும். தாடை எட்டு மில்லிமீட்டர் முன்னால் வந்திருக்கிறது. இடப்பக்கம் லேசான கோணல். அச்சு அசல் உங்களுடையது. வாய்க்கொழுப்பு ஸ்கேனில் தெரியாது.

உடனே உரிமை கொண்டாடி வாசலில் வந்து நிற்காதீர்கள். திரையைப் பார்த்துவிட்டு அவள் கேட்டது ஒன்றுதான்.

"இத அறுத்துச் சரி பண்ணிடலாமாம்மா?"

வளர்ச்சி நிற்கும்வரை பொறுக்கச் சொன்னேன். பொறுத்துக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா