நோயாளியின் சொந்த வார்த்தையில்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் நலம். அம்மாவும் நலம், அவளைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், ஏன் என்று படித்தால் தெரியும். நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே?

அம்மாவுக்கு நாக்கில் ஆபரேஷன் முடிந்து ஏழு மாதம் ஆகிறது, புற்றுநோய் இப்போது இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். செவ்வாய்தோறும் மறுவாழ்வுப் பிரிவுக்குப் போகிறோம். முதல் நாள் அங்கே ஒரு படிவம் நிரப்பினார்கள். 'இனி என்ன செய்ய ஆசை, நோயாளியின் சொந்த வார்த்தையில்' என்று அதில் ஒரு கட்டம். அம்மாவுக்குப் பேச்சு குழறுகிறது, ஒரு வாக்கியம் முடிய நேரமாகும், அதனால் பயிற்சி தரும் பெண் என் முகத்தைப் பார்த்தாள். புரையேறாமல் சாப்பிட வேண்டும், தெருமுனை வரை நடக்க வேண்டும் என்று நான் சொன்னேன். எழுதிக்கொண்டாள். அம்மா தலையாட்டினாள்.

போன செவ்வாய் ஒரு பெண் அதிகாரி வந்திருந்தார். நோயிலிருந்து பிழைத்து வந்தவர்களோடு பேசி, படிவத்தில் எழுதும் இந்த ஆசைகளை அந்தப் பிரிவில் எப்படி முடிவு செய்கிறார்கள் என்று மதிப்பிடுவது அவர் வேலை. மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவர், எங்கள் படிவத்தைப் பார்த்துவிட்டு, "இது நீங்க சொன்னதாம்மா?" என்று அம்மாவிடம் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். "சார், நீங்க இருங்க, ஆனா பேசாதீங்க" என்றார். உன் அம்மாவைத் தவிர என்னிடம் அப்படிச் சொன்ன முதல் ஆள் அவர்தான். அம்மா சொல்லி முடிக்க நான்கு நிமிடம் ஆயிற்று, சுவர்க் கடிகாரத்தில் பார்த்தேன். "என் பொண்ணுகிட்ட பத்து நிமிஷம் நானே போன்ல பேசணும். இவரு பக்கத்துல நின்னு, 'அம்மா என்ன சொல்றான்னா...'ன்னு இழுக்கக் கூடாது. நடக்கிறதெல்லாம் நடந்துக்கிட்டுதான் இருக்கேன், இவருக்குத்தான் மூச்சு வாங்குது." எல்லோரும் சிரித்தோம். பயிற்சிப் பெண் பழையதை அடித்துவிட்டு இதை எழுதினாள், எழுதும்போது அவள் நிமிரவில்லை, நானும்தான்.

நீயும் ஞாயிறுதோறும் என் போனில்தான் அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்கிறாய். இனி அவள் போனுக்குக் கூப்பிடு. நடுவில் எச்சில் விழுங்க நிற்பாள், லைன் போய்விட்டதென்று ஹலோ ஹலோ என்று கத்தாதே. அவள் வாக்கியத்தை நீ முடித்து வைக்காதே, அந்த வேலையை ஏழு மாதம் நான் பார்த்தாயிற்று. நேற்று சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பேசிப் பழகினாள், மூன்று நிமிடம் வந்தது. நீ கூப்பிடும்போது நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருப்பேன்.

வேளைக்குச் சாப்பிடு. ஞாயிறு காலை பத்து மணி, மறக்காதே. உனக்கு என் ஆசீர்வாதம். அம்மாவுடையதை நான் எழுதவில்லை, அவளே சொல்வாள்.

உன் அப்பா