ஜன்னலுக்கு அளவெடுக்க வந்தவள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் எழுந்தாலும் படுத்தாலும் என் வேண்டுதல். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன், உட்கார்ந்து படி. நம் மாடி அத்தை, பழைய தெருவில் நமக்கு எதிர் மாடியில் இருந்தவள், போய்விட்டாள் கண்ணு. போன வாரம். எல்லாம் முடிந்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. நான் வேலைக்குப் போனபோதெல்லாம் உன்னைத் தன் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் தூங்க வைத்து, மிச்சத் துணியில் உனக்குச் சட்டை தைத்துப் போட்டவள், அவள் முகத்தைக்கூடக் கடைசியாக நான் பார்க்கவில்லை.

பணம் வந்த பிறகு சந்தோஷமாக இருக்கிறீர்களா என்று நீ கேட்டுக்கொண்டே இருக்கிறாய். பொய் சொல்ல மாட்டேன், இருந்தோம். அப்பாவின் சைக்கிள் கடையும் நம் வீடும் இருந்த அந்த மூலையை, ஒரு ஓட்டைக் கொட்டகையை, பெரிய கம்பெனிக்காரர்கள் அவ்வளவு கொடுத்து வாங்குவார்கள் என்று யார் கண்டது. மழை பெய்தால் இப்போது பாத்திரம் வைக்க வேண்டியதில்லை, என் முட்டிக்கு நல்ல டாக்டர். ஆனால் அறைதான் வரிசையாக இருக்கிறது, உட்கார ஆள் இல்லை. உன் அப்பா எங்கே இருக்கிறார் என்று போன் போட்டுக் கேட்டால் பக்கத்து அறையிலிருந்து எடுத்து, யாரு பேசுறது என்கிறார். சோபாவின் பிளாஸ்டிக் உறையை மனிதர் இன்னும் கழற்ற விடவில்லை, உட்கார்ந்தால் வழுக்குகிறது. இதெல்லாம் சிரிக்கிற விஷயம். சொந்தக்காரர்கள் கல்யாணம் என்றும் கடை வைக்க என்றும் வரிசையாக வர ஆரம்பித்தார்களே, அதிலிருந்துதான் சனியன் பிடித்தது. முடிந்தவரை கொடுத்தார், பிறகு யார் மணி அடித்தாலும் முகம் சுருங்கியது. அந்த நேரம் பார்த்து மாடி அத்தை வந்தாள், புது வீட்டு ஜன்னலுக்கெல்லாம் நான்தான் திரை தைப்பேன் என்று, கழுத்தில் அளவு டேப்போடு. நான் சமையலறையில் இருந்தேன், வாசல் கதவு திறந்திருந்தது. அப்பா உள்ளே உன் சித்தப்பாவிடம் போனில், வாசல்ல வந்து நிக்கிறவங்க எல்லாம் கையேந்தத்தான்டா வர்றாங்க என்று கத்திக்கொண்டிருந்தார். அவளைச் சொல்லவில்லை, சத்தியமாக அவளைச் சொல்லவில்லை. அது அவள் காதில் விழுந்தது அப்போது எங்களுக்குத் தெரியாது. எல்லா ஜன்னலையும் பொறுமையாக அளந்தாள், டீ வேண்டாம் என்றாள், போய்விட்டாள். திரைகளை யாரிடமோ கொடுத்தனுப்பினாள், மறுபடி இந்த வாசலை மிதிக்கவில்லை. போன் செய்தால் வேலை தலைக்கு மேல கிடக்கு என்பாள், சிரித்துத்தான் பேசுவாள்.

அவளுக்கு வயிற்றில் கட்டியாம். ஆபரேஷன் செய்து பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அதற்கு அவளிடம் பணம் இல்லை. துக்கம் கேட்கப் போனபோது அவளுடைய அண்ணன்தான் எல்லாம் சொன்னார். எவ்வளவோ சொன்னேன்மா, அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுன்னு, அன்னிக்கு அவரு போன்ல கத்தினது என் காதுல விழுந்துச்சு, இப்ப சொன்னா நானும் அந்தக் கையேந்துற வரிசையில போய் நின்னதா ஆயிடும்னு பிடிவாதமா இருந்துட்டா என்றார். அப்பா அவர்கள் வீட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து சோற்றில் கை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார். நாம அந்தக் கொட்டகையிலேயே இருந்திருந்தா அவ நேரா வந்து சொல்லியிருப்பா இல்ல என்று என்னைக் கேட்கிறார். சொல்லியிருப்பாள்தான். அங்கே இங்கே புரட்டி ஏதாவது செய்திருப்போம். பிழைத்திருப்பாளா தெரியாது, ஆனால் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டாவது இருந்திருப்பேன். நெஞ்சு ஆறவே மாட்டேன் என்கிறது கண்ணு.

அப்பாவிடம் நீயாக இதைப் பற்றி எதுவும் கேட்டுவிடாதே, அவரே ஆரம்பித்தால் பேச விடு. குளிரில் தலையை மூடாமல் சுற்றாதே, நேரத்துக்குச் சாப்பிடு. நீ நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். இன்னும் ஒன்று. முன்பெல்லாம் செருப்பு அறுந்தால்கூட அம்மா காசு என்று வந்து நிற்பாய். பணம் வந்ததிலிருந்து நீயும் எங்களிடம் எதுவும் கேட்பதில்லை. எப்போது பேசினாலும் எனக்கு ஒண்ணும் வேணாம்மா, நல்லா இருக்கேன் என்கிறாய். அவளும் கடைசியாக போனில் அதையேதான் சொன்னாள். எதையாவது கேள் கண்ணு.

உன் அம்மா