பெண்ணுக்குச் சம்மதமாம்

மார்ச் 3, திங்கள்

மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார். எங்கள் பிரிவுக்கு என்னையே தலைவியாக்கப் போகிறார்களாம். காப்பீட்டுப் பணம் கேட்டு வருகிறவர்களிடம் "உங்களுக்குக் கிடையாது" என்று தொலைபேசியில் சொல்வது எங்கள் பிரிவின் வேலை. இனி அதை நான் சொல்ல வேண்டாம். மற்றவர்கள் சரியாகச் சொல்கிறார்களா என்று ஒட்டுக்கேட்டு, தயங்குகிறவர்களைத் திட்டினால் போதும். தயங்குவதில் நான்தானே முதல் ஆள்? கையெழுத்துப் போட்டால் மூன்று வருடம் விலக முடியாது. "மெயில் வரும், சம்மதம்னு பதில் போடு" என்றார். தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

மார்ச் 4

வீட்டில் சொல்லவில்லை.

மார்ச் 8, சனி

மதியம் மூக்குக் கண்ணாடிக் கடை. பழகப் போகத் தொடங்கி இது நாலாவது சனிக்கிழமை. பின்னறையில் உட்கார்ந்து, ஃபிரேமுக்கு ஏற்றபடி லென்ஸின் ஓரத்தைத் தேய்க்கப் பழகுகிறேன். ஒரு நூல் கூடினால் உட்காராது, ஒரு நூல் குறைந்தால் விழுந்துவிடும். யாரும் என்னிடம் பேசுவதில்லை. இயந்திரம் மட்டும் முனகும். இன்று தேய்த்த மூன்றும் சரியாக உட்கார்ந்தன. கடைக்கார அக்கா, "பழகினது போதும். முழு நேரமா எப்ப வர்ற?" என்றார். சம்பளம் குறைவுதான். ஆனால் ஐந்தரைக்கு ஷட்டரை இறக்கிவிட்டால் அந்த நாள் என்னுடையது. என்னுடைய நாள் என்று ஒன்று இருந்து எத்தனை வருடம் ஆயிற்று?

மார்ச் 9

பதவி உயர்வையும் கண்ணாடிக் கடையையும் வீட்டில் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

அம்மா: "கண்ணாடி தொடைக்கவாடி காலேஜுக்கு அனுப்பினோம்?"

துடைப்பதில்லை, தேய்ப்பது என்றேன். அது இன்னும் மோசமாகப் போய்விட்டது.

அப்பா கட்டடங்களுக்கு வண்ணம் அடிப்பவர். "நான் சாரத்துல தொங்கினது எதுக்கு?" என்று மட்டும் கேட்டார். கேட்க அவருக்கு உரிமை உண்டு. அதனால்தான் அந்தக் கேள்வியின் மேல் இவ்வளவு கோபம் வருகிறது.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, தகவல் தெரிந்து, தான் ஓட்டும் வேனோடு வாசலுக்கே வந்துவிட்டார். "குடும்பத்துக்கே நீதான்டி விளக்கு."

விளக்குன்னா எரியுறது யாரு மாமா? — இதைக் கேட்கவில்லை. இங்கேதான் எழுதுகிறேன். பதினேழு வயதிலிருந்து இந்தக் குடும்பத்தின் எல்லா விண்ணப்பமும் நான். எல்லா வரிசையிலும் நான். மருத்துவமனையில் மாமாவின் மனைவி, எங்கள் அத்தைக்கு வலிக்கிற இடத்தைச் சொன்னதும் நான். என் வாயைத் திறக்கவே எனக்கு ஒரு மணி நேரம் ஆகும், ஊர் வாய்க்கெல்லாம் நான் பேச வேண்டும்! படிச்சது தப்பா?

மார்ச் 11



காலையில் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் ஒருத்தி, "வாம்மா கல்யாணப் பொண்ணு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். என்னவென்று புரியாமல் நானும் சிரித்துத் தொலைத்தேன். பக்கத்து மேசைக்காரி பாவப்பட்டுத் தன் கைபேசியில் காட்டினாள். மேலாளர் பிரிவுக்கே அனுப்பி வைத்திருக்கிறாராம். நேற்று இரவு மேலாளருக்கு என் முகவரியிலிருந்து போன பதில்:

"மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் வீட்டுப் பெண்ணுக்குப் பூரண சம்மதம். பெரியவர்கள் எல்லோரும் கலந்து பேசி மகிழ்ச்சி அடைந்தோம். மேற்கொண்டு ஆக வேண்டியதைத் தாங்களே முன்னின்று நடத்தித் தர வேண்டும். இப்படிக்கு, பெண்ணின் தாய்மாமன்."

எங்கள் வீட்டுக்கு ஒரே ஒரு மின்னஞ்சல் முகவரி. கல்லூரியில் சேரும்போது நான் தொடங்கியது. அத்தையின் ரத்தப் பரிசோதனை, மாமாவின் ஓட்டுநர் உரிமம், மின்கட்டணம், என் வேலை, எல்லாம் அதற்குத்தான் வரும். கடவுச்சொல்லை அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டியதும் நானே. ஆளாளுக்கு என்னைக் கேட்டு நச்சரிக்கிறார்களே என்று. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

மாமாவிடம் கேட்டேன். முகத்தைப் பார்த்துக் கேட்டேன்.

"நல்ல காரியத்தை நாள் கடத்தக் கூடாதுடி."

"எனக்கு வந்த கடிதம் மாமா அது."

"உனக்கு வந்தா என்ன, நமக்கு வந்தா என்ன?"

அம்மா உள்ளேயிருந்து, "தாய்மாமனுக்கு இல்லாத உரிமையா?" என்றாள். அப்பா செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார். அவருக்கும் தெரிந்திருக்கிறது. மூணு பேரும் சேர்ந்து உக்காந்து எழுதியிருக்காங்க. என்னைத் தவிர எல்லார்கிட்டயும் கேட்டிருக்காங்க!

மார்ச் 12

போய்விட்டேன், மேலாளர் அறைக்கு. யாரும் கூப்பிடாமல், நானாக.

"வாம்மா. வீட்டுல எல்லாருக்கும் மகிழ்ச்சியாமே. இந்தா, கையெழுத்துப் போடு."

"அதை நான் எழுதலை சார்."

"தெரியுதே. தாய்மாமன்னு போட்டிருக்கே." சிரித்தார். "பொண்ணு என்ன சொல்லுது?"

"பொண்ணுக்கு இஷ்டமில்லை சார்."

சிரிப்பு நின்றது. "யோசிச்சுதான் பேசுறியா?"

"யோசிச்சேன் சார். என்னை யாருமே கேக்கலை, அதனால யோசிக்க நிறைய நேரம் கிடைச்சுது."

நானா இது? இவ்வளவு நீளமாக நான் அவரிடம் பேசியதே இல்லை. ராஜினாமாக் கடிதத்தை மேசையில் வைத்தேன். அதை எடுத்துப் படித்தார். முதல் முறையாக என்னை "நீங்க" என்றார்: "மாசக் கடைசி வரைக்கும் வந்துட்டுப் போங்க."

வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 13

எனக்கென்று ஒரு புது முகவரி தொடங்கினேன். கடவுச்சொல் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. பழையது அவர்களுக்கே. அத்தையின் பரிசோதனை முடிவை மாமாவே திறந்து, மாமாவே புரிந்துகொள்ளட்டும்.

மார்ச் 19

ராஜினாமாவை வீட்டில் சொல்லி ஒரு வாரம். மாமா வருவதில்லை. அம்மா பாத்திரங்களோடு பேசுகிறாள். அப்பா என்னோடு பேசுவதில்லை. "அவ சாப்பிட்டாளான்னு கேளு" என்கிறார் அம்மாவிடம். நான் பக்கத்திலேயே தட்டோடு உட்கார்ந்திருக்கிறேன்! அப்படியென்ன குலத்தைக் கெடுத்துவிட்டேன்? திருடினேனா?

ஏப்ரல் 9

இந்த மாதத்திலிருந்து முழு நேரமும் கண்ணாடிக் கடை. இன்று லென்ஸ் ஒன்று உடைந்தது. அக்கா திட்டினார். நியாயமான திட்டு. ஐந்தரைக்கு முடிந்தும் போனது.

ஏப்ரல் 27, ஞாயிறு

படியில் கீழ்வீட்டு டைலர் வழிமறித்தார். "கண் டாக்டர் ஆயிட்டியாமே? உங்கப்பா சொன்னாரு."

என் சின்ன வேலைக்கு அப்பா பெரிசாக வேறு உடை போட்டு ஊருக்குக் காட்டியிருக்கிறார்! மேலே கதவருகில் அப்பா நிற்பது தெரிந்தது. தெரிந்தேதான் உரக்கச் சொன்னேன்: "டாக்டர் இல்லைங்க. கண்ணாடிக் கடையில லென்ஸ் தேய்க்கிறேன்."

"அப்படியா? அதுதான் நல்லது. டாக்டரு இதுக்கெல்லாம் உதவ மாட்டாரு." மூக்குக் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். "குனிஞ்சு தைக்கும்போதெல்லாம் துணி மேல விழுது. என்னன்னு பாரேன்."

பையிலிருந்து சின்னத் திருப்புளியை எடுத்தேன். படியிலேயே உட்கார்ந்து திருகாணியை முறுக்கினேன். மேலிருந்து அப்பா இரண்டு படி இறங்கி வந்தார். குனிந்து என் கையைப் பார்த்தார்.

"அந்தப் பக்கமும் ஆடுது பாரு" என்றார். என்னிடம்தான்.

பார்த்தேன். ஆமாம், ஆடியது. அதையும் முறுக்கிக் கொடுத்தேன்.