பெரஹராவில் தூங்கிய பிள்ளை

அன்புள்ள அத்தானுக்கு,

பிள்ளை சுகம். ஆனால் பால் குடிக்கும்போதே திடுக்கிட்டு அழுகிறான். "பிள்ளை வயித்துல இருக்கையில எதுக்குடி பயந்த?" என்று அம்மா கேட்டார். நம் ஹந்தானைத் தோட்டத்தில் விடியுமுன் ஆட்களை வேலைக்கு எழுப்பும் தப்பு மேளச் சத்தத்துக்கு என்றேன்.

நேற்றுப் பெரஹரா ஊர்வலத்து மேளமெல்லாம் இங்கே அம்மா வீட்டு வாசலைத் தாண்டிப் போயிற்று. பிள்ளை அசையாமல் தூங்கினான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இன்று அண்ணன் சப்பாத்துக் காலோடு பலகைத் தரையில் நடந்து வந்தார். பிள்ளை வீரிட்டான். அவனைத் தூக்காமல் நான் ஏன் அலுமாரிக்குப் பின்னால் போய் நின்றேன்? தெரியவில்லை. அதன்பிறகு அம்மா, எதற்குப் பயந்தாய் என்று என்னைக் கேட்கவில்லை.

ஞானஸ்நானத்துக்குக் கட்டாயம் வாருங்கள். சப்பாத்தை மட்டும் வாசலிலேயே கழற்றிவிடுங்கள். பிள்ளைக்காகத்தான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளையின் தாய்